உள்ளேயிருந்து திறக்கும் ஜன்னல்

பிப்ரவரி 9

வக்கீலம்மாவுக்கு,

எதற்கும் வாதாடுகிற நீ, மூன்று முறை ஃபோனைப் பாதியிலேயே வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். கம்பெனித் தபால் பையில் போனால் உன் கைக்கு வர இரண்டு வாரம் ஆகும். ஆகட்டும். இந்தக் கப்பல் நிற்கிற இடத்தில் நெட் கிடையாது, கப்பல் ஃபோனை விட்டால் எனக்கும் வேறு வழியில்லை.

ஜன்னல் விஷயம். சட்டமெல்லாம் உளுத்துவிட்டது, மழை பெய்தால் கட்டில் நனைகிறது என்று நீ சொன்னது சரி. மாற்றத்தான் வேண்டும். எதைப் போடுவது என்று நான் முடிவு செய்துவிட்டேன். ஐந்து ஜன்னலுக்கும் அலுமினியம். பக்கவாட்டில் தள்ளித் திறக்கிற ஸ்லைடிங். அதற்கு வெளியே, சுவரோடு சேர்த்துப் பதித்த இரும்புக் கிரில். இப்போது இருப்பதைவிடத் தடிமனான கம்பி.

ஸ்லைடிங் காற்றில் படார் படார் என்று அடித்துக்கொள்ளாது. சந்தில் நடக்கிறவர் மண்டையில் இடிக்காது. கொசுவலையும் அதே தடத்தில் ஓடும். கிரில்லைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நாம் இருப்பது தரைத்தளம். நான் எட்டு மாதம் வீட்டில் இல்லை. பின்தெருவில் பட்டப்பகலில் கம்பியை வளைத்து ஒரு வீட்டுக்குள் புகுந்திருக்கிறார்கள் என்று அண்ணன் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இங்கே சோறு இறங்கவில்லை.

அண்ணன் ஜன்னல்காரரை அழைத்து வருவார். அளவெடுக்க விடு. இதில் பேச்சு வேண்டாம்.

நம் பெண் சின்னதுக்கு ஆடிக்கொண்டிருந்த பல் விழுந்ததா?

உன் கணவன்

*

பிப்ரவரி 25

மதிப்பிற்குரிய சீஃப் என்ஜினியர் அவர்களுக்கு,

(கப்பலுக்குத்தான் சீஃப். வீட்டுக்கு இல்ல.)

ஃபோன்ல நான் ஒரு வாக்கியம் முடிக்கிறதுக்குள்ள நீங்க மூணு முடிச்சிடுறீங்க. அதான் வெச்சேன். கடிதமே நல்லது. குறுக்க பேச முடியாதுல்ல, இப்ப கேளுங்க.

உங்க அண்ணன் வந்தாரு. ஒரு வார்த்தை கேக்கல. ஜன்னல்காரர நேரா பெட்ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போயி, டேப்ப நீட்டி, "நாலடிக்கு மூணே முக்கால், எழுதிக்கப்பா"ன்னாரு. நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி, லேப் கோட்டு மாட்டினபடி நிக்கிறேன். என்னமோ நான் இந்த வீட்டுக்கு வாடகைக்கு வந்தவ மாதிரி. "எனக்கு ஸ்லைடிங் வேணாம் மாமா"ன்னேன். "அதெல்லாம் தம்பி முடிவு பண்ணிட்டான்மா"ன்னு சிரிச்சாரு. அந்தச் சிரிப்ப நினைச்சா இன்னும் உடம்பு பத்திக்கிட்டு எரியுது.

ஸ்லைடிங் ஜன்னல நீங்க கேட்டலாக்ல பாத்தீங்க. நான் ஷோரூமுக்குப் போயி கையால தள்ளிப் பாத்தேன், ரெண்டு சனிக்கிழம. எவ்வளவு தள்ளினாலும் பாதிதான் திறக்கும். மீதிப் பாதிய இன்னொரு கண்ணாடி அடைச்சுக்கிட்டு நிக்கும். கீழ இருக்கிற தடத்துல தூசி சேரும், மழைத்தண்ணி சேரும், செத்த எறும்பு சேரும். பல்தேய்க்கிற பிரஷ வெச்சு அத நோண்டி எடுக்கிறது நீங்களா?

எனக்கு வேண்டியது வெளிப்பக்கமா முழுசா திறக்கிற கதவு ஜன்னல். கதவு வெளிய போறதால கிரில் உள்பக்கம் வரும். சமையலறையிலயும் பெட்ரூம்லயும் அந்தக் கிரில் கீல் போட்டது, உள்ளயிருந்து கொண்டிய எடுத்தா திறக்கிற மாதிரி. சும்மா ஆசைக்குக் கேக்கல. காரணம் இருக்கு.

பல் விழுந்துடுச்சு. உங்ககிட்ட ஃபோன்ல சொல்லணும்னு டப்பாவுல போட்டு வெச்சிருக்கா. நீங்க ஃபோன்ல ஜன்னலப் பத்திதான் பேசினீங்க.

*

மார்ச் 14

வக்கீலம்மாவுக்கு,

காரணம் இருக்கிறது என்று எழுதுகிறாய், காரணத்தை எழுதமாட்டேன் என்கிறாய். இது எந்த ஊர் வாதம்?

வெளியே திறக்கிற ஜன்னலுக்குக் கொக்கி போட மறந்தால் ஒரே காற்றில் கீல் பிய்ந்துவிடும். ஹால் ஜன்னலுக்கு வெளியே நடைபாதை. திறந்த கதவின் முனை யாராவது ஒரு குழந்தையின் கண்ணுக்கு நேராக நிற்கும். இதையெல்லாம் யோசித்தாயா? கண்ணாடியின் வெளிப்பக்கத்தை எப்படித் துடைப்பாய்?

இதைக்கூட விட்டுவிடுகிறேன். திறக்கிற கிரில்லைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. கண்ணாடியை ஒரு தட்டுத் தட்டி, கையை விட்டு, கொண்டியை எடுத்தால் போதும். திருடனுக்கு நாமே வாசல் வைத்துக் கொடுக்கிற வேலை. நான் என்ஜின் அறையின் சூட்டில் வெந்துகொண்டிருப்பது நீங்கள் இருவரும் பத்திரமாக இருக்கத்தான். போன தடவை கிளம்புவதற்கு முன்பு பூட்டு உடைந்ததும் அன்றைக்கே ஓடிப்போய் உள்ளங்கை அகலப் பூட்டாக வாங்கி மாட்டினேனே, அது யாருக்காக?

உள்ளேயிருந்து திறக்கிற கிரில் எதற்கு, யாருக்காக என்று அண்ணி கேட்டாளாம். நான் கேட்கவில்லை. அதற்கான பதிலை நீயே எழுது.

பல் விஷயம் கேட்டுச் சந்தோஷம். டப்பாவைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்.

உன் கணவன்

*

மார்ச் 30

"யாருக்காக"ன்னு கேட்டுட்டீங்க. நேரா கேக்கத் தைரியமில்லாம அண்ணி முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு கேட்டிருக்கீங்க. பன்னெண்டு வருஷம் குடும்பம் நடத்தினதுக்கு இதுதான் மரியாதைன்னா ரொம்ப நன்றி.

சொல்லிடுறேன். இதச் சொல்லவே கூடாதுன்னு இருந்தேன். இனிமே எதுக்கு மறைக்கணும்?

அக்டோபர்ல நீங்க கிளம்புறதுக்கு முந்தின நாள், ஞாயித்துக்கிழம மத்தியானம். சின்னதும் நானும் சாப்பிட்டுட்டுப் படுத்திருந்தோம். நீங்க அண்ணனோட வெளிய போனீங்க. மறுசாவி போடணும்னு காலையிலேயே என் சாவியையும் வாங்கி வெச்சிருந்தீங்க. தூங்குறவங்கள எழுப்ப வேணாம்னு நினைச்சீங்களோ என்னமோ, முன்கதவுக்கு வெளிய பூட்டு போட்டுட்டுப் போயிட்டீங்க. பின்கதவுச் சாவியும் அதே கொத்துல.

நான் முழிச்சது வாடையில. கேஸ். லேப்ல பதினாலு வருஷம் பர்னரோட குடும்பம் நடத்துறவ, எனக்கு அந்த வாடை தூக்கத்துலயும் தெரியும். ஓடினேன். ரெகுலேட்டர மூடினேன். அப்பவும் சீறிக்கிட்டே இருந்துச்சு. கழட்டிப் பாத்தேன், வரல. சமையலறை ஜன்னல் மழையில ஊறி உப்பிப் போயிருந்துச்சு, உங்களுக்கே தெரியும். தோளால இடிச்சேன். ஒரு சாண் திறந்துச்சு. அதுக்கு மேல ஒரு இம்மி நகரல.

பின்கதவு பூட்டு. முன்கதவுக்கு ஓடினேன், பூட்டு. ஃபோன் சமையலறையில சார்ஜ்ல கிடந்துச்சு. அத எப்படித் தொடுறது? ஒரு பொறி போதும். ஃப்ரிட்ஜ் தானா ஓட ஆரம்பிச்சாகூடப் போதும். அத நினைச்சுக்கிட்டே நான் நின்னேன் பாருங்க, அந்த நிமிஷம் உங்களுக்குப் புரியாது.

சின்னத எழுப்பி, பெட்ரூம் கதவச் சாத்தி, அடியில ஈரத்துண்ட திணிச்சேன். பெட்ரூம் ஜன்னல் ஒரு பக்கம் திறந்துச்சு. திறந்து என்ன? குறுக்க உங்க கிரில். மாடிவீட்டு டெய்லரக் கூப்பிட்டுக் கத்தினேன். ரெண்டு மெஷினு ஓடுற சத்தத்துல அவருக்கு மொதல்ல கேக்கல. கேட்டு ஓடி வந்து, பூட்டப் பாத்துட்டு, கம்பி தேடிப் போனாரு. இருபது நிமிஷம் ஆச்சு அவரு உடைக்கிறதுக்கு.

அந்த இருபது நிமிஷத்துல நம்ம பொண்ணு என்ன பண்ணினா தெரியுமா? கிரில் கம்பிக்கு நடுவுல தலைய நுழைச்சுப் பாத்தா. ஒரு பக்கமா சாச்சுப் பாத்தா. நுழையல. "எனக்குத் தலை பெருசாம்மா?"ன்னு கேட்டா.

உடைச்சதும் டெய்லர் சிலிண்டர வெளிய தூக்கிட்டுப் போனாரு. நீங்க ரெண்டு மணி நேரம் கழிச்சு வந்தீங்க, அதுக்குள்ள வாடை போயிடுச்சு. பூட்டு உடைஞ்சு கிடக்கிறதப் பாத்து, "இப்பல்லாம் எல்லாமே மட்டமான சரக்கு"ன்னு திட்டிட்டு, அதவிடப் பெரிய பூட்டா வாங்கி வந்து மாட்டினீங்க. நான் பாத்துக்கிட்டு நின்னேன். மறுநாள் காலையில கிளம்புற மனுஷன், எட்டு மாசம் இரும்புக்கும் எண்ணெய்க்கும் நடுவுல நிக்கணும், இதையும் மனசுல சுமந்துக்கிட்டுப் போகணுமான்னு வாய மூடிக்கிட்டேன். சின்னதுகிட்டயும் சொல்லாதேன்னு சொன்னேன். அதுதான் நான் பண்ணின முட்டாள்தனம்.

உங்க கப்பல்ல ஒவ்வொரு அறையிலயிருந்தும் ரெண்டு வழி இருக்கணும், எதுவும் வெளியிலயிருந்து பூட்டக் கூடாது, சனிக்கிழம தோறும் மணி அடிச்சு ஆளெண்ணிப் பாப்போம்னு எவ்வளவு பெருமையாச் சொல்லுவீங்க. கப்பல்ல இருக்கிற இருபத்திரெண்டு பேரும் மனுஷங்க. நாங்க ரெண்டு பேரும் பெட்டிக்குள்ள வெச்ச நகையா?

நான் ஜன்னல்காரரத் தனியாப் பாத்து ஆர்டர மாத்திட்டேன். யாருக்காகன்னு இப்பத் தெரிஞ்சிருக்கும்.

*

ஏப்ரல் 3

உன் கடிதம் இன்னும் வந்து சேரவில்லை. வந்தாலும் இதில் மாற்றமில்லை.

நேற்று அண்ணன் கப்பலுக்கே ஃபோன் செய்தார். எனக்குத் தெரியாமல் ஆர்டரை மாற்றியிருக்கிறாயாம். ஜன்னல்காரர் அண்ணனிடம் வந்து, "சார், யார் சொல்றத நான் கேக்கறது?" என்றாராம். அண்ணனுக்கு அது எவ்வளவு பெரிய தலைகுனிவு! கேப்டன் பக்கத்தில் நிற்க, நான் "சரிண்ணா, சரிண்ணா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு பேசினேன்.

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன், எழுத வைத்துவிட்டாய். வீடு என் பேரில் இருக்கிறது. புதன்கிழமை அண்ணன் ஆட்களோடு வந்து, நான் சொன்ன ஸ்லைடிங்கையும் நான் சொன்ன கிரில்லையும் போட்டுவிட்டுத்தான் போவார். இது உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். அதற்குப் பிறகும் அவரோடு மல்லுக்கு நிற்காதே. எனக்கு நீங்கள் பத்திரமாக இருக்க வேண்டும். நல்ல பேர் வாங்க வேண்டும் என்கிற ஆசை எனக்கு இல்லை.

*

ஏப்ரல் 10

புதன்கிழம நடந்தத உங்க அண்ணன் எப்படிச் சொன்னாரோ தெரியாது. நான் பாத்தபடி சொல்றேன்.

காலையில ஒம்பது மணிக்கு வேன் வந்துச்சு. ஆளுங்க மடமடன்னு பழைய ஜன்னல எல்லாத்தையும் பேத்து எடுத்துட்டாங்க. கிரில்லையும் அறுத்துட்டாங்க. அது வரைக்கும் நான் ஒண்ணும் சொல்லல, அது போறதுல எனக்கு ஆட்சேபணை இல்லையே. அப்புறம் ஸ்லைடிங் சட்டத்தத் தூக்கிட்டு பெட்ரூம் பக்கம் வந்தாங்க. நான் அந்தச் சுவத்து ஓட்டையில ஏறி உக்காந்துக்கிட்டேன். ஒரு கால் உள்ள, ஒரு கால் சந்துல. சின்னதும் வந்து என் பக்கத்துல ஒட்டிக்கிட்டு உக்காந்தா.

"இறங்கும்மா, தெருவே பாக்குது"ன்னாரு உங்க அண்ணன்.

"பாக்கட்டும் மாமா."

"வீடு என் தம்பியோடது."

"தெரியும். அதுக்குள்ள எங்களப் பூட்டி வெச்சா என்ன ஆகும்னுதான் உங்களுக்குத் தெரியாது."

ஜன்னல்காரரு வாட்ச்ச பாத்துக்கிட்டு, "நீங்க பேசி முடிங்க, எனக்கு மத்தியானம் இன்னொரு வீடு இருக்கு"ன்னாரு. நான் பேசி முடிச்சேன். அக்டோபர்ல நடந்தத ஒண்ணு விடாம, சந்துல நின்னவங்க எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னேன். டெய்லர் மாடிப்படியில டேப்ப கழுத்துல மாட்டிக்கிட்டு நின்னாரு. "பூட்ட உடைச்ச கம்பி இன்னும் எங்கிட்டதான் இருக்கு சார்"னு மட்டும் சொன்னாரு.

உங்க அண்ணன் முகம் எப்படிப் போச்சுன்னு எழுதத் தெரியல. வாசப்படியில உக்காந்துட்டாரு. "பூட்டிட்டு வாடான்னு சொன்னதே நான்தாம்மா"ன்னாரு. எனக்கு அவரத் திட்டணும்னு நாக்கு வரைக்கும் வந்துச்சு. திட்டல. அவரு எழுந்திரிச்சு ஜன்னல்காரர்கிட்ட, "அவங்க கேக்குறத போடு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கல.

கதவு ஜன்னல் தயாராக இன்னும் ஒரு வாரம் ஆகுமாம். இப்ப அஞ்சு ஓட்டைக்கும் தார்ப்பாய் கட்டியிருக்கு. நீங்க பயந்த திருடன் வந்தா அப்படியே நடந்து உள்ள வரலாம். இத்தன மாசத்துல இப்பதான் நான் நிம்மதியாத் தூங்குறேன்.

*

ஏப்ரல் 18

எப்படிக் கூப்பிட்டு ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. அதனால கூப்பிடாமலே ஆரம்பிக்கிறேன்.

மார்ச் முப்பதாம் தேதி போட்ட உன் கடிதம் திங்கட்கிழமதான் வந்துச்சு. நான் போன கடிதத்த அனுப்பினதுக்கு அப்புறம். அன்னிக்கே ரெண்டு தடவ ஃபோன் பண்ணினேன், சின்னது எடுத்தா. "அம்மா பேச மாட்டாங்களாம்பா, எழுதச் சொன்னாங்க"ன்னா. சரின்னு ஃபோன வெச்சேன்.

உண்மைய எழுதுறேன். படிச்சதும் எனக்கு முதல்ல வந்தது கோவம். உன் மேல. ஆறு மாசம்! ஆறு மாசம் எங்கிட்ட மறைச்சிருக்கே. குழந்தை வாயையும் சேத்து அடைச்சிருக்கே. இவன் தாங்க மாட்டான்னு நீயா முடிவு பண்ணிட்டே. நான் உன்னக் கேக்காம ஜன்னல முடிவு பண்ணினேன்னா, நீ என்னக் கேக்காம இத முடிவு பண்ணினே. இதச் சொல்ற யோக்கியத எனக்கு இப்ப இல்லதான். ஆனாலும் சொல்றேன், ஏன்னா அந்தக் கோவம் இன்னும் போகல.

அதுக்கப்புறம் வந்த கோவத்துக்குப் போக்கிடமே இல்ல. அன்னிக்கு சாவிக்கடையில வேல பத்து நிமிஷத்துல முடிஞ்சுடுச்சு. பக்கத்துல டீ குடிச்சோம். கிளம்பலாம்னு எழுந்தேன். அண்ணன் ஏதோ ஒரு பழைய கத ஆரம்பிச்சாரு, விழுந்து விழுந்து சிரிச்சோம். உக்காந்து இன்னொரு டீ சொன்னேன். உன் கடிதம் வந்ததிலயிருந்து நான் டீயே குடிக்கல.

கதவப் பூட்டினது எனக்கு ஞாபகமே இல்ல. எவ்வளவு யோசிச்சாலும் வரல. நான்தான் பூட்டினேன்னு அண்ணன் சொன்னாரு. கை அதுபாட்டுக்குப் பூட்டியிருக்கு. நேத்து அண்ணன் அழுதுக்கிட்டே ஃபோன் பண்ணினாரு. அவரு அழுது நான் பாத்ததில்ல, கேட்டதுமில்ல.

இன்னொண்ணு. அண்ணி கேட்டாளாம்னு எழுதினேனே, அண்ணி ஒண்ணும் கேக்கல. கேட்டது நான்தான்.

கிரில் கொண்டி சின்னதுக்கு எட்டுற உயரத்துல இருக்கணும். ஜன்னல்காரங்க பெரியவங்க உயரத்துக்குத்தான் வெப்பாங்க. அவளப் பக்கத்துல நிக்க வெச்சு, அவ கைய வெச்சு அளவெடுக்கச் சொல்லு. கீல் துருப்பிடிக்காத எஃகுல இருக்கட்டும். பூட்டு வேணாம், கொண்டி மட்டும்.

நான் ஜூன் கடைசியில வர்றேன். வரலாமா?

*

மே 4

ஜன்னல் வெச்சாச்சு. நாலு கதவு ஜன்னல், ஒரு ஸ்லைடிங்.

ஹாலுக்கு ஸ்லைடிங்தான் போட்டேன். நடைபாதைப் பக்கம் கதவத் திறந்து பிடிச்சுப் பாத்தோம். பள்ளிக்கூடம் விட்டு ஓடி வர்ற பசங்க நெத்திக்கு நேரா நிக்குது. அதுல நீங்க சொன்னதுதான் சரி. சரியானத சரின்னு சொல்ல எனக்குத் தெரியும். இதுக்காக ரொம்பப் பூரிக்க வேணாம்.

கொண்டி விஷயம் உங்க கடிதம் வர்றதுக்கு முன்னாடியே ஜன்னல்காரரு அவரு உயரத்துக்கு வெச்சுட்டுப் போயிட்டாரு. படிச்சுட்டு மறுபடி வரவழைச்சேன். மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டேதான் வந்தாரு. சின்னத நிக்க வெச்சு கொண்டிய இறக்கினோம். பழைய துளை ரெண்டு இன்னும் தெரியுது, மக்கு வெச்சு அடைக்கணும்.

மறைச்சது தப்புதான். ஒத்துக்கிறேன். உங்களுக்கு வந்த கோவம் நியாயமான கோவம். அத வெச்சுக்குங்க, நான் பிடுங்கிக்க மாட்டேன். ஆனா என் கோவமும் அப்படியேதான் இருக்கு. பூட்டினதுகூட இல்ல, அது மறதி. இதுவரைக்கும் என்னைய ஒரு வார்த்தையும் கேக்காம, பக்கத்து ரூம்ல இருக்கிற சாமான நகத்துற மாதிரி எல்லாத்தையும் முடிவு பண்ணினீங்களே, அதுதான். "யாருக்காக" இருக்கே, அதுக்கு ஒரு கடிதம் பத்தாது. நேர்ல சண்ட போடணும். எழுதி எழுதி எனக்குக் கை வலிக்குது.

நேத்து சாயங்காலம் துணி மடிச்சுக்கிட்டு இருந்தேன். வாசல்ல யாரோ கதவத் தட்டினாங்க. திறந்தா சின்னது நிக்கிறா, முட்டியெல்லாம் மண்ணு. உள்ள உக்காந்து படிச்சுக்கிட்டு இருந்தவ. "எப்படிடி வெளிய வந்தே?"ன்னேன். "பெட்ரூம் வழியா. யாரும் தூக்கிவிடல, நானேதான்"ன்னா. அவளத் திட்ட வாயத் திறந்தேன், அழுகதான் வந்துச்சு. அவளும் அழுதா. அக்டோபர்ல நாங்க ரெண்டு பேரும் அழவே இல்ல தெரியுமா? டெய்லர் மேலயிருந்து எட்டிப் பாத்துட்டு, என்னமோ ஏதோன்னு இறங்கி வந்துட்டாரு.

வரலாமான்னு கேட்டிருக்கீங்க. உங்க வீட்டுக்கு வர்றதுக்கு நீங்க எங்கிட்டக் கேட்டது இதுதான் மொதல் தடவ. அதனால பதில் சொல்றேன். வாங்க.

உங்ககிட்ட இருக்கிற சாவிக்கொத்த அடுத்த தபால் பையிலேயே அனுப்பிடுங்க. வந்ததும் கதவத் தட்டுங்க. நான் வந்து திறப்பேன். தட்டின உடனே திறப்பேனான்னு மட்டும் இப்பச் சொல்ல முடியாது.